பதினோராவது வரப்பு

காலை எட்டரை மணிக்கு எங்கள் வீட்டில் மழை நேரம் என்று பெயர். அப்பா தென்காசி தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தார். வளாகத்தில் இருந்த மழைமானியைப் பார்த்து எழுதும் பொறுப்பு எப்படியோ அவர் கைக்கு வந்தது. வந்தபிறகு அதை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் சைக்கிள் முன்கம்பியில் உட்கார்ந்து கூடப் போவேன். சைமன்ஸ் என்ற வெள்ளைக்காரர் பெயரில் வழங்கும் மானி அது. 5 அங்குல வாய் உள்ள புனல், அதன் விளிம்பு தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். புனலைக் கழற்றி, உள்ளே இருக்கும் பாட்டிலை எடுத்து, அளவு கிளாஸில் ஊற்றி, கிளாஸைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார்.

"குழிஞ்ச இடத்தோட அடியைப் பாரும்மா. ஓரத்துல ஏறி நிக்கிற தண்ணி கூடக் காட்டும்."

படித்த எண்ணைப் பதிவேட்டில் எழுதுவார். அன்றைக்கு நாங்கள் திருநெல்வேலி மாவட்டம்; கலெக்டர் ஆபீஸுக்கு போன் போட்டுச் சொல்வார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதே எண்ணைத் தன் சொந்த டைரியில் இன்னொரு முறை எழுதிக்கொள்வார். ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பத்திரிகையில் வரும் மழை அளவுப் பட்டியலைப் பார்த்து எழுதினார்: கடனா அணை, ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார், செங்கோட்டை, ஆய்க்குடி, சிவகிரி, தென்காசி. 2019 நவம்பர் 22ஆம் தேதி தென்காசி தனி மாவட்டமானபோது அவர் டைரியில் எதுவும் மாறவில்லை. அவருக்கு முன்பே அது தனிப் பக்கம்தான்.

நான் கணினி நிரல் எழுதுகிறவள். மேலகரத்தில் வீட்டிலிருந்தே வேலை. 2011இல் ஜோஹோ இந்தப் பக்கம் வந்து, பிறகு மத்தளம்பாறையில் வளாகம் போட்டபோது, வயலோரத்தில் உட்கார்ந்து நிரல் எழுதுவது எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதிசயமில்லாமல் போயிற்று. நான் அந்த நிறுவனத்தில் இல்லை. என் வேலை எண்களைப் படமாக்குவது, பெரும்பாலும் மேட்பிளாட்லிப் என்ற கட்டற்ற மென்பொருளை வைத்து. எவரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். அந்த மழை வடிந்து சில வாரம் கழித்து அப்பாவின் டைரிகளை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்ற ஆரம்பித்தேன். ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று காயல்பட்டினத்தின் அந்த ஒரு நாளையும் சேர்த்தேன். பிறகு ஒரே ஒரு வரி நிரல். பள்ளிப் புத்தகத்தில் நிகழ்வுச் செவ்வகம் என்று படித்தோமே, அந்த ஹிஸ்டோகிராம் திரையில் வந்தது.

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். இடது ஓரத்தில் உச்சிவரை ஒரு தூண். பக்கத்தில் கட்டைவிரல் அளவு ஒன்று. அப்புறம் வெறும் வெளி. வலது கோடியில் தரையோடு தரையாக ஒரு கீற்று.

"இது என்னம்மா, எல்லா மழையும் ஒரே தூணுல போய் நிக்கி? சாரல் எங்க போச்சு?"

கேள்வி நியாயமானது. எத்தனை பிரிவு என்று நாம் சொல்லாவிட்டால் மேட்பிளாட்லிப் பத்தாகப் பிரித்துக்கொள்ளும். சிறிய எண்ணுக்கும் பெரிய எண்ணுக்கும் நடுவே பத்துச் சம பாகம். பெரிய எண் 950 மில்லிமீட்டர். அப்படியானால் ஒவ்வொரு பாகமும் 95 மில்லிமீட்டர் அகலம். குற்றாலத்தில் சீசன் களைகட்டும் நாளின் தூறலும், குண்டாறு அணை நிரம்பும் நாளின் கனமழையும் அந்த ஒரே பாகத்துக்குள் அடங்கிவிட்டன.

சாரல் என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவமழை தன் பாரத்தை மலைக்கு மேற்கே கேரளத்தில் இறக்கிவிடும். நம் பக்கம் மழைமறைவு. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவு பக்கம் மலைத்தொடர் தாழ்ந்து ஒரு வழி விட்டிருக்கிறது. ஆனியிலும் ஆடியிலும் அந்த வழியாகக் காற்று பாய்ந்து வரும்போது மிச்ச ஈரத்தையும் கொண்டு வரும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும், முகத்தில் பொடிப்பொடியாய் நீர் விழும். குடை பிடிக்க வேண்டாம், ஆனால் கொடியில் போட்ட துணி காயாது. மழை அளவில் பார்த்தால் எங்களுக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வருவதுதான். ஆனால் தென்காசிக்காரனிடம் மழைக்காலம் எது என்று கேட்டால் சாரலைத்தான் சொல்வான். ஒரு மில்லிமீட்டரும் ஒன்றரை மில்லிமீட்டருமாகப் பெய்யும் அந்த நாட்களை நம்பித்தான் லாட்ஜுகளும் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களும் பழக்கடைகளும் வருஷத்தை ஓட்டுகிறார்கள்.

அந்த நாட்களை அரசாங்கக் கணக்கும் ஒரு வகையில் விட்டுவிடுகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால்தான் அது மழை நாள். அந்த 2.5 எங்கிருந்து வந்தது? மழையை அங்குலத்திலும் சென்ட்டிலும் எழுதிய காலத்தில் பத்து சென்ட், அதாவது அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு, எல்லையாக இருந்தது. மெட்ரிக் முறை வந்தபோது அது 2.5 மில்லிமீட்டர் ஆனது. 2.4 பெய்த நாளில் ஐந்தருவிக்குப் போனவர் நனைந்துதான் திரும்பினார். மழை நாள் கணக்கில் அந்த நாள் இல்லை. துறையைக் குறை சொல்லவில்லை. எங்காவது ஒரு கோடு போடாமல் எண்ண முடியாது. அந்தக் கோட்டை யார், எப்போது, எதற்காகப் போட்டார்கள் என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அப்பாவுக்கு இதை விளக்கும்போது வயல் கணக்கில் சொன்னேன். எண்களை இறக்கிவைக்கும் ஒவ்வொரு பாகமும் ஒரு வயல். வயலுக்கும் வயலுக்கும் நடுவே வரப்பு. அந்த வயலில் எத்தனை நாள் விழுந்ததோ அவ்வளவு உயரத்துக்குத் தூண். வரப்பை மாற்றிப் போட்டால் அதே நாட்கள் வேறு படமாகிவிடும். "அப்ப வரப்பை யாரு போட்டா?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தத் தூண்களின் பழைய கதைக்குள் போனேன்.

ஹிஸ்டோகிராம் என்ற சொல்லை உண்டாக்கியவர் லண்டனில் இருந்த கார்ல் பியர்சன். அச்சில் அது நிலைபெற்ற கட்டுரை 1895இல் வந்தது. அந்தக் கட்டுரையின் பொருளைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. ஒரு பக்கமாகச் சரிந்த பரவல்களைப் பற்றியது அது. நடுவில் குவிந்து இரு பக்கமும் ஒரே மாதிரி இறங்கும் மணி வடிவத்தை எல்லாரும் பூசித்துக்கொண்டிருந்த காலத்தில், இயற்கையில் பல விஷயங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் இருக்கின்றன என்று எடுத்துக்காட்டிய எழுத்து. மழையும் அப்படித்தான். சிறு மழை ஏராளம், பெருமழை அபூர்வம், வால் வலப்பக்கம் நீண்டுகொண்டே போகும். பியர்சன் வகைப்படுத்திய வளைவுகளில் மூன்றாவது வகை இன்றும் மழை, வெள்ளக் கணக்குகளில் புழங்குகிறது. பட்டை வரைபடம் அதற்கு நூறு வருஷத்துக்கும் முன்பே இருந்தது. வில்லியம் பிளேஃபேர் 1786இல் வெளியிட்ட நூலில் அதைப் பார்க்கலாம். ஆனால் அது நாட்டுக்கு ஒரு பட்டை, பொருளுக்கு ஒரு பட்டை. தொடர்ச்சியான ஒரு அளவை வெட்டி, வெட்டிய இடத்தில் தூண் நிறுத்துவது வேறு காரியம்.

எத்தனை இடத்தில் வெட்டுவது? 1926இல் ஹெர்பர்ட் ஸ்டர்ஜஸ் என்பவர் ஒரு விதி கொடுத்தார். ஆயிரம் எண் இருந்தால் சுமார் பதினோரு வயல், இரண்டாயிரம் ஆனால் இன்னும் ஒன்று, நாலாயிரம் ஆனால் இன்னும் ஒன்று. பாடப்புத்தகங்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. அதன் அடியில் மணி வடிவம் ஒளிந்திருக்கிறது. சாய்ந்த மழைக்கு அது பொருந்தாது. 1979இல் டேவிட் ஸ்காட் எண்களின் சிதறலை வைத்து வயலின் அகலத்தைக் கணக்கிட்டார். 1981இல் டேவிட் ஃப்ரீட்மனும் பெர்சி டயகோனிஸும் சொன்ன விதிதான் எனக்குப் பிடித்தது. டயகோனிஸ் இளவயதில் மேடையில் வித்தை காட்டும் மந்திரக்காரராக இருந்தவர். எண்களை வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்கும் பாதி எண்கள் எவ்வளவு தூரம் பரவியிருக்கின்றன என்று மட்டும் பார்க்கச் சொன்னார்கள். கோடியில் ஒரு காயல்பட்டினம் இருந்தாலும் வயலின் அகலம் குலையாது.

சாரலுக்கு இதுதான் சரி என்று போட்டுப் பார்த்தேன். முதல் தடவை படம் அடியோடு கெட்டது. காரணம் எளிது. எங்கள் ஊரில் வருஷத்தில் பாதிக்கும் வெகு மேலான நாட்கள் மழையே இல்லாதவை. வரிசையின் நடுப்பாதி முழுக்க ஏறத்தாழ பூஜ்ஜியம். பரவல் பூஜ்ஜியம் என்றால் வயலின் அகலமும் பூஜ்ஜியம். மழையில்லா நாட்களை விலக்கிவிட்டுத் திரும்பப் போட்டதும் தூண்கள் எழுந்தன. அந்த விலக்கலுக்கு அப்பாவிடம் பிறகு பதில் சொல்ல வேண்டி வந்தது.

இந்த விதிகளெல்லாம் பிறக்கும் முன்பே எங்கள் மலைத்தொடரில் எண் சேர்த்தவர்கள் இருந்தார்கள். 1837இல் சுவாதித் திருநாள் காலத்தில் திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் அமைந்தது. அதன் இயக்குநராக 1852இல் வந்த ஜான் ஆலன் பிரவுன், 1855இல் அகத்தியமலை உச்சியில், சுமார் 6,200 அடி உயரத்தில், இன்னொரு ஆய்வுக்கூடத்தை நிறுவினார். யானைக்காட்டுக்கு மேலே, நிற்கவிடாத காற்றில், மணிக்கொரு தரம் காந்தமானியையும் வானிலைக் கருவிகளையும் பார்த்து எழுதிய அந்த உதவியாளர்களை நினைத்தால் எனக்கு அப்பா நினைவுதான் வருகிறது. அன்றைக்குச் செங்கோட்டையும் திருவிதாங்கூர் சீமைதான். 1956 நவம்பர் 1 அன்றுதான் நம்மோடு சேர்ந்தது. நாடு முழுவதற்குமான வானிலைத் துறை 1875இல் வந்தது. அந்தத் துறையின் அலிப்பூர் ஆய்வுக்கூடத்தில் 1922 முதல் சில வருஷம் வானிலையாளராக இருந்தவர் பி.சி. மகலனோபிஸ். 1915இல் கேம்பிரிட்ஜிலிருந்து கப்பலில் திரும்பியபோது பியர்சன் நடத்திய பயோமெட்ரிகா இதழின் தொகுதிகளைக் கையோடு கொண்டுவந்து படித்தவர். 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகம் எழுந்ததற்கு அந்தக் கப்பல் வாசிப்பும் ஒரு தொடக்கம்.

இனி மேட்பிளாட்லிப். இதைத் தொடங்கிய ஜான் ஹன்டர் 1968இல் பிறந்தவர், சிகாகோவில் நரம்பியல் ஆய்வு செய்தவர். வலிப்பு நோயாளிகளின் மூளை மேற்பரப்பிலிருந்து எடுத்த மின்அலைப் பதிவுகளைப் பார்க்க அவர் குழுவிடம் விலைகொடுத்து வாங்கிய மென்பொருள் ஒன்று இருந்தது. உரிமம் ஒன்றே ஒன்று. கணினியின் பின்னால் செருகும் ஒரு சாவி இருந்தால்தான் அது ஓடும். அந்தச் சாவிக்குப் பொறியாளர்களும் மருத்துவ மாணவர்களும் ஆராய்ச்சியாளர்களும் போட்டி போட்டார்கள். எல்லாருக்கும் கிடைக்கிற ஒன்றை நாமே செய்தால் என்ன என்று ஹன்டர் பைத்தான் மொழிக்கு வந்தார். முதலில் ஐபைத்தான் என்ற கருவிக்கு ஒரு சிறு சேர்க்கையாகத்தான் எழுதி அனுப்பினார். அதை நடத்திய ஃபெர்னாண்டோ பெரெஸ் தன் முனைவர் பட்டத்தை முடிக்கும் அவசரத்தில் இருந்தார். சில மாதங்களுக்குப் பார்க்க முடியாது என்று பதில் வந்தது. ஹன்டர் காத்திருக்காமல் தனியாகவே தொடங்கினார். 2003இல் முதல் பதிப்பு வெளிவந்தது. அனுப்பிய திருத்தத்துக்குப் பதில் வராமல் தவித்த எத்தனையோ பேருக்கு இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன்.

2012 ஜூலையில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடந்த சைபை என்ற அறிவியல் பைத்தான் மாநாட்டில் அவர் தலைமை உரை ஆற்றினார். ஊர் திரும்பியதும் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சையில் ஏற்பட்ட சிக்கலில் ஆகஸ்ட் 28 அன்று காலமானார். வயது 44. அவர் தொடங்கியதை இன்று உலகம் முழுக்க எத்தனையோ பேர் கவனித்துக்கொள்கிறார்கள். நான் ஒரு படம் போடும்போதெல்லாம் அந்தச் சாவியை ஒரு நொடி நினைத்துக்கொள்வேன்.

ஹிஸ்டோகிராம் வரையும் பகுதியின் பழைய பதிப்புகளை வரிசையாகப் படித்தபோது, வந்த திருத்தங்களில் கணிசமானவை வரப்பைப் பற்றியவை என்று கண்டேன். பத்து வயலுக்குப் பதினோரு வரப்பு வேண்டும். நடவு செய்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எண்ணும் வேலையைச் செய்யும் நம்பை நூலகம் முற்காலத்தில் இடப்பக்க வரப்புகளை மட்டும் திருப்பித் தந்தது: பத்து வயல், பத்து வரப்பு. கடைசி வயலுக்கு வலப்பக்கம் வேலியே இல்லை; அதற்கு அப்பால் கிடந்ததெல்லாம் அதிலேயே வந்து விழுந்தது. 2008இல் வந்த பதிப்பிலிருந்து படிப்படியாக அதை மாற்றிப் பதினோரு வரப்பையும் தரும்படி செய்தார்கள். பழைய நிரல்கள் உடைந்துவிடக் கூடாது என்று எச்சரிக்கை கொடுத்து, இரண்டு மூன்று பதிப்புகள் பொறுத்திருந்து செய்த மாற்றம்.

இன்னொன்று அகலம் பற்றியது. வானிலைத் துறை மழையை இப்படிப் பிரிக்கிறது: 2.4 மில்லிமீட்டர் வரை மிக இலேசான மழை, 2.5 முதல் 15.5 வரை இலேசான மழை, 15.6 முதல் 64.4 வரை மிதமான மழை, 64.5 முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதிகனமழை. வயல்கள் சமமில்லை. இலேசான மழைக்கு 13 மில்லிமீட்டர் அகலம், மிதமான மழைக்கு 49. இரண்டிலும் நாற்பது நாற்பது நாள் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தூணும் ஒரே உயரம், ஆனால் இரண்டாவது கிட்டத்தட்ட நாலு மடங்கு இடத்தை அடைத்து நிற்கும். கண் பரப்பைத்தான் படிக்கும், உயரத்தை அல்ல. ஆகவே நாட்களை அகலத்தால் வகுத்துவிட்டுத் தூண் நிறுத்த வேண்டும். நம்பையில் இதற்கு இருந்த பழைய விசை, சமமில்லாத வயல்களில் பிழையாகக் கணக்கிட்டது. சரியாகச் செய்யும் புதிய விசை ஒன்றைச் சேர்த்தார்கள். மேட்பிளாட்லிப்பும் 2017இல் அதே பெயருக்கு மாறி, பழைய விசையைப் பிறகு எடுத்துவிட்டது. அதே 2017 ஜனவரியில் வந்த இரண்டாம் பெரும் பதிப்பில், தூணுக்கும் தூணுக்கும் நடுவே தானாக விழுந்த கறுப்புக் கோடுகளும் போயின. எனக்கு அந்தக் கோடுகள் பிடிக்கும். வரப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது என் கட்சி. இப்போதும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறேன்.

அப்பாவின் தொடக்க கால டைரிகள் நாலைக் கரையான் தின்றுவிட்டது. அந்த வருஷங்களுக்கு மிஞ்சியது ஒரு ஒற்றைத் தாள். இலேசான மழை இத்தனை நாள், மிதமான மழை இத்தனை நாள் என்று, நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து அவரே எண்ணி வைத்தது. நாள்வாரி எண் இல்லை. எண்ணிக்கை மட்டும் கையில் இருக்கிறது. ஆனால் மேட்பிளாட்லிப்பின் ஹிஸ்டோகிராம் கட்டளை மூல எண்களைக் கேட்கும். எண்ணும் வேலையைத் தானே செய்யும். எண்ணி முடித்தவர்கள் சுற்றுவழியில் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு இடப்பக்க வரப்பையும் ஒரு எண்ணாகக் கொடுத்து, அதற்கு எடையாக நாட்களைக் கொடுப்பது ஒரு வழி. படிக்கட்டுக் கோடு வரையும் கட்டளையைப் பயன்படுத்தி, கடைசி எண்ணை இரண்டு தடவை எழுதி ஏமாற்றுவது இன்னொரு வழி. பத்து உயரத்துக்குப் பதினோரு வரப்பு என்ற அதே சிக்கல்.

கரையானுக்குத் தப்பிய எங்கள் தாளுக்கும் உலகத்தின் ஆகப் பெரிய இயற்பியல் ஆய்வுக்கும் இதே கஷ்டம்தான். ஜெனீவா பக்கம் செர்ன் ஆய்வுக்கூடத்தில் துகள்கள் மோதும்போது வரும் எண்களை எல்லாம் மூலமாக வைத்துக்கொண்டிருக்க முடியாது. வயல் பிரித்து எண்ணிக்கையாகத்தான் கைமாறும். 2012 ஜூலை 4 அன்று அறிவித்த ஹிக்ஸ் துகள், 125 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஹிஸ்டோகிராமில் எழுந்த ஒரு சிறு மேடாகத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அவர்கள் புழங்கும் ரூட் என்ற மென்பொருளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு: முதல் வரப்புக்கு இடப்பக்கம் ஒரு வயலும், கடைசி வரப்புக்கு வலப்பக்கம் ஒரு வயலும் எப்போதும் இருக்கும். எல்லைக்கு வெளியே விழுந்ததும் கணக்கில் நிற்கும்.

அந்த இயற்பியல் உலகத்தின் தேவையும் சேர்ந்துதான் 2021 மார்ச்சில் வெளியான 3.4 பதிப்பில் மேட்பிளாட்லிப்புக்குப் படிக்கட்டு என்று பொருள்படும் ஸ்டேர்ஸ் என்ற புதிய கட்டளை வந்தது. எண்ணிக்கையைக் கொடு, அதைவிட ஒன்று கூடுதலாக வரப்புகளைக் கொடு, வரைந்து தருகிறேன் என்கிறது. பழைய முறையில் ஒவ்வொரு தூணும் தனித்தனிச் செவ்வகம். ஆயிரம் வயல் என்றால் ஆயிரம் செவ்வகம், கணினி திணறும். இது ஒரே கோட்டுருவாக வரைவதால் விரைவு. அப்பாவின் தாளை அதில் போட்டேன். கோடு கோடாய் எண்ணிய வருஷங்கள் படிக்கட்டாய் ஏறி இறங்கின. அப்பா வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்குப் பிறகுதான் நானும் ஏதாவது திருப்பித் தர வேண்டும் என்று நினைத்தேன். நான் அனுப்பியது சிறிய விஷயம். சமமில்லாத வயல்களுக்கு ஒரு விளக்கம், எல்லையில் விழும் எண்களைப் பற்றிச் சில வரிகள், ஒரு சிறு சோதனை. மூலத்தைப் பிரதி எடுத்து, என் கிளையில் மாற்றி, அதைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கும் புல் ரெக்வெஸ்ட் அனுப்பினேன். அனுப்பியதும் தானியங்கிச் சோதனைகள் ஓடும். பழைய நிரல் வரைந்த மாதிரிப் படங்களைச் சேமித்து வைத்திருக்கிறார்கள். புதிய நிரல் வரைவதை அதோடு ஒப்பிட்டு, தனியாகச் சலுகை கொடுக்காவிட்டால் ஒரு புள்ளி மாறினாலும் சிவப்பு விழும். அதைத் தாண்டினால் மனிதர்கள் படிப்பார்கள்.

நான் எழுதியதில் ஒரு தவறு இருந்தது. ஒவ்வொரு வயலும் தன் இடது வரப்பைச் சேர்த்துக்கொள்ளும், வலது வரப்பில் நிற்கும் எண் அடுத்த வயலுக்குப் போகும் என்று எழுதியிருந்தேன். ஊர் பேர் தெரியாத ஒருவர் பொறுமையாகக் கேட்டார்: கடைசி வரப்பின் மேலேயே ஒரு எண் நின்றால்? அதற்கு அடுத்த வயல் கிடையாதே. நம்பையில் கடைசி வயல் மட்டும் இரண்டு வரப்பையும் சேர்த்துக்கொள்ளும். அந்த விதிவிலக்கு இல்லாவிட்டால், பட்டியலில் ஆகப் பெரிய எண், எந்தக் காயல்பட்டினத்துக்காக நான் இவ்வளவும் தொடங்கினேனோ அதுவே, படத்தில் இல்லாமல் போயிருக்கும். அன்று இரவு முழுக்க அந்த இரண்டு வரியைத் திருத்தி எழுதினேன். மூன்று வாரம் போய் வந்து, வாக்கியம் வாக்கியமாகச் செதுக்கி, கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு பத்தி. என் வேலையில் நான் மிகவும் மதிக்கும் இரண்டு பத்தி.

எல்லையில் நிற்கும் எண்களுக்கு எட்டாம் வகுப்பிலேயே மருந்து சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கீழ் எல்லையில் அரையைக் கழி, மேல் எல்லையில் அரையைக் கூட்டு. ஏன் என்று கேட்காமல் செய்து மதிப்பெண் வாங்கினோம். மழையைப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை படிக்கிறோம். 15.5க்கும் 15.6க்கும் நடுவே எண் வராது. வரப்பை 15.55இல் போட்டால் எந்த நாளும் வரப்பின் மேல் நிற்காது. கணினிக்கு இது இன்னும் அவசியம், 0.3 போன்ற எண்ணை அது தன் இரும எழுத்தில் துல்லியமாகப் பிடித்துவைக்க முடியாது, வரப்பின் மேல் நிற்கும் எண் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சறுக்கும்.

காற்றாலைக்காரர்களிடமும் இந்த வரப்புத் தொழில் இருக்கிறது. சுரண்டை, ஆலங்குளம் பக்கம் சுழலும் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் திறனைச் சோதிக்கும் சர்வதேச முறையில் காற்றின் வேகத்தை விநாடிக்கு அரை மீட்டர் அகல வயல்களாகப் பிரித்துக்கொள்கிறார்கள். காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கம். சராசரி வேகம் ஒன்றைச் சொன்னால் போதாது, எந்த வேகத்தில் எத்தனை மணி நேரம் என்று தூண் தூணாக வேண்டும். எங்கள் தென்காசியின் காசி விஸ்வநாதர் கோயில் கோபுர வாசலில் நின்று, ஆடிக்காற்று தள்ளுவதை உடம்பால் வாங்கியவர்களுக்கு இது எளிதில் புரியும்.

போன ஆடியில் ஒரு காலை, புதுப் படத்தை அச்செடுத்து அப்பா முன் வைத்தேன். வரப்புகள் 0.05, 2.45, 15.55, 64.45 என்று துறையின் பிரிவுப்படி. நாட்களை அகலத்தால் வகுத்துப் போட்டது. இடது பக்கம் மெல்லிய ஒரு தூண், 178 அடி கோபுரம் மாதிரி, மற்ற எல்லாவற்றையும் விட உயர்ந்து நின்றது. வலப்பக்கம் போகப்போகத் தூண்கள் அகன்று, பணிந்து, கடைசியில் தரையோடு ஒரு நீண்ட திண்ணை.

"இதான் சாரல்" என்று விரலை வைத்தார். வெளியே அதுதான் விழுந்துகொண்டிருந்தது. பிறகு விரலை இன்னும் இடப்பக்கம் நகர்த்தினார். வெள்ளைத் தாள்.

"மழை இல்லாத நாளெல்லாம் எங்க?"

"அதை எடுத்துட்டேம்பா. அதையும் சேர்த்தா படம் நிக்காது. மழை பெஞ்ச நாளுக்கு மட்டும்தான் இது."

"இல்லைன்னு எழுதுன நாளும் எட்டரை மணிக்குப் போய், புனலைக் கழட்டி, பாட்டிலைப் பாத்துத்தானம்மா எழுதுனேன்."

கணினியைத் திறந்து அந்த நாட்களை எண்ணிச் சொன்னேன். அப்பா பென்சிலை எடுத்தார். பூஜ்ஜியத்துக்கு இடப்பக்கம், சாரல் தூணை ஒட்டி, அடிமட்டம் வைத்து ஒரு சிறு கட்டம் போட்டார். அதற்குள் எண்ணை எழுதி, கீழே 'இல்லை' என்று எழுதினார்.